காயத்துக்கு எத்தனை மாத்திரை?

பாயிரம்

காயம் என்றால் உடம்பு. உடம்பில் பட்ட அடியும் காயம். ரசத்தில் போடுகிற பிசினும் காயமே. விலை கூடுதல் என்பதாலோ என்னவோ அதற்கு மட்டும் ‘பெரும்’ என்று ஓர் அடைமொழி. உடம்பு, புண், ரசம் மூன்றையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிற மொழி இது. இதில் எழுத்துக்கு இலக்கணம் இருக்கிறது, சொல்லுக்கு இருக்கிறது, பொருளுக்கும் யாப்புக்கும் அணிக்கும்கூட இருக்கிறது. காயத்துக்கு மட்டும் இல்லை. யாராவது எழுதுவார்கள் என்று இத்தனை வருடம் காத்திருந்தேன். எழுதவில்லை. இனிமேல் என் மேல் குற்றமில்லை.

நூல் செய்ய உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அம்மையார்குப்பத்துக்காரன். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கிற நெசவூர். இங்கே நூல் என்றால் முதல் பொருள் இழை. புத்தகம் என்ற இரண்டாவது பொருள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியவரும். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், நூல் செய்வதைப் பஞ்சிலிருந்து இழை நூற்பதோடு ஒப்பிட்டிருக்கிறார். தமிழாசிரியர் அதை நடத்திய அன்று எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு உவமை எது, பொருள் எது என்று பிடிபடவில்லை. எல்லாம் காலையில் தறிக்குத் தார் சுற்றிவிட்டு வந்த பிள்ளைகள்.

முன்னோர் கண்ட வகை

காயத்தை முன்பு யாரும் வகைப்படுத்தவில்லை என்று நான் சொல்லவில்லை. சுசுருதர் எலும்பு முறிவைப் பன்னிரண்டாகவும் மூட்டு விலகலை ஆறாகவும் பிரித்தார். வெட்டு, குத்து, நசுக்கு, சிராய்ப்பு என்று அடிபட்ட புண்ணுக்குத் தனியாக ஆறு. அவற்றை ஆற்றும் வழிகள் அறுபது. சித்த மருத்துவம் நோய்களை 4448 என்று எண்ணிக் கணக்கை முடித்துவிட்டது. 4449-ஆவது நோயோடு வருகிறவர் எந்தத் திண்ணையில் உட்காருவது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து 1976-ல் மூன்றே வகை என்றார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் கிழிந்திருந்தால் முதல் வகை, அதற்கு மேல் இரண்டாவது, தசையெல்லாம் சிதைந்திருந்தால் மூன்றாவது. பிறகு மூன்றாவதுக்குள் எல்லாமே வந்து விழுகிறது என்று கண்டு அதை மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். வகை பிரிப்பவர்களின் தலையெழுத்து இது. மூட்டை கட்டி முடித்ததும் கடைசி மூட்டை எப்போதும் வாய் பிளக்கும்.

இந்த முன்னோர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வசதி இருந்தது. காயத்தைக் கண்ணால் பார்த்தார்கள். எங்கள் தெருவில் காயம் முதலில் காதுக்குத்தான் வரும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. 90 டெசிபலைத் தாண்டும் ‘டக்கட டக்கட’வுக்கு நடுவே ஒரு குரல் எழுந்தால், அது எவ்வளவு நீளம் என்பதை வைத்துத்தான் தறியை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். ஒரு தறி நின்றால் அன்றைய கூலியை விரலில் எண்ணிவிடலாம். ஆகவே என் நூலில் காயத்தை அளக்கும் கோல் ஓசை. ஓசைக்குத் தமிழில் அளவு மாத்திரை: கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். விரல் முறிந்தவர்கள் கண்ணை வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் வலிக்கு வாங்குவதும் மாத்திரை என்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க.

குறில் காயம்

‘அ’ அல்லது ‘ஸ்’. ஒரு மாத்திரை, சில சமயம் அதுவும் இல்லை. அரிவாள்மனை கீறியது, பாவில் இழை பிணைக்கும்போது நகக்கண் கிழிந்தது, செருப்பில்லாத காலில் வேலிக்காத்தான் முள் ஏறியது எல்லாம் இதில் அடங்கும்.

குறில் காயத்தை அதன் மேல் என்ன வைக்கப்படுகிறது என்பதை வைத்து நான்காகப் பிரிக்கலாம். காப்பித்தூள் வைத்தது, மஞ்சள் வைத்தது, சுண்ணாம்பு வைத்தது, ஒன்றும் வைக்காதது. காப்பித்தூள் வீடுகளில் டிகிரி காப்பி பிரியமும் முதலுதவியும் ஒரே டப்பாவில் இருக்கும். சுண்ணாம்பு, வெற்றிலை போடும் பாட்டி உயிரோடு இருக்கும் வீட்டின் அடையாளம். தறிக்காரர்கள் இந்த நான்கிலும் சேர மாட்டார்கள். அறுந்த இழையை எடுத்து விரலில் நாலு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சேலையில் ரத்தக்கறை பட்டால் கூலியில் பிடிப்பு. விரலில் பட்டால் பிடிப்பு இல்லை.

இவ்வளவு சின்னக் காயத்துக்கு இத்தனை வரி எதற்கு என்று தோன்றும். இதில்தான் பெரிய ஆள் ஒளிந்திருக்கிறார். ரண ஜன்னி என்று பழைய மருத்துவமனைச் சீட்டுகளில் எழுதியிருப்பார்கள். அதை உண்டாக்கும் கிருமியை ஜப்பானியரான கிடசாட்டோ 1889-ல் தனியே பிரித்து வளர்த்தார். அடுத்த ஆண்டே பேரிங்கோடு சேர்ந்து அதற்கு எதிர்மருந்துக்கு வழி கண்டார். அந்தக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வித்தாக உறங்கிக் கிடக்கும். காற்றுப்பட்டால் வளராது. அகலமாகக் கிழிந்து ரத்தம் கொட்டும் காயத்தை விட, முள் குத்தி மேலே மூடிக்கொண்ட ஆழமான துளைதான் அதற்குச் சொந்த வீடு. ஆணி துருப்பிடித்திருந்ததா என்று ஆணியை ஆராய்கிறோமே, துருவுக்கு இதில் பங்கில்லை. துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடந்த ஆணி, அவ்வளவுதான். ஒரு மாத்திரைக் கத்தலோடு முடிந்த விஷயம் சில நாள் கழித்துத் தாடையை இறுக்கிப் பூட்டும். அப்போது கத்த நினைத்தாலும் வாய் திறக்காது. சாணம் மெழுகிய மண்ணில் பிறந்து தொப்புள்கொடி வழியாக இதை வாங்கிக்கொண்ட குழந்தைகளுக்குக் கணக்கே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2015-ல்தான் தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசிக்கு அதில் பெரிய பங்கு.

குறில் காயத்தில் தமிழ்நாட்டுக்கு உலகப் புகழும் உண்டு, பெருமைப்படத்தான் முடியாது. 1842-ல் மதுரையில் மருந்தகம் நடத்திய ஜான் கில் என்ற மருத்துவர், உழவர்களின் பாதம் வலியே இல்லாமல் வருடக்கணக்கில் வீங்கிக்கொண்டு போவதைக் குறித்து வைத்தார். முள் குத்திய இடம் வழியாக மண்ணிலிருந்து ஏறிய பூஞ்சையும் அதன் உறவுகளும் செய்கிற வேலை. மருத்துவப் புத்தகங்களில் அதற்கு இன்றும் ‘மதுரைக் கால்’ என்றே பெயர். மல்லிகைக்கு ஒரு பெயர் என்றால் பாதத்துக்கும் ஒன்று. அது பூஞ்சையின் வேலை என்று 1860-ல் எழுதியவர் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர். கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்த அதே கார்ட்டர்தான். உடம்பை ஒழுங்காக வரைந்த கை, உடம்பு கெட்ட விதத்தையும் எழுதியது.

நெடில் காயம்

‘ஆ’. இரண்டு மாத்திரை. முறிவும் மூட்டு விலகலும். இந்த வகைக்கு எங்கள் பக்கத்தில் மருத்துவம் படிக்காதவரும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: புத்தூர்.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், படாஸ்கரின் சமரசம், அதன் பிறகு ஒரு சட்டம் என்று ஊர் ஊராகப் பிரித்தார்கள். எந்த ஊரில் எத்தனை பேர் எந்த மொழி பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். எலும்பு எந்த மொழி பேசுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மலை எங்களுக்கு வந்தது. கட்டுப் போடும் ஊர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதனால் என்ன, கை முறிந்தவன் எல்லைக் கோட்டைப் பார்க்கிற நிலையில் இருப்பதில்லை.

புத்தூரை ஒட்டிய ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப் போடுகிறார்கள். வேட்டைக்குப் போன முன்னோர் ஒருவர் முயலின் முறிந்த காலில் தழையைச் சுற்றிக் கொண்டுவர, வீட்டில் பார்த்தால் கால் கூடியிருந்தது என்று ஒரு கதை. முயல் அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதைக் கதை சொல்வதில்லை. கூடிய கால் குழம்புக்குப் போயிருக்கலாம். எலும்பைத் தடவிப் பார்த்து நேராக்கி, பச்சிலை அரைத்த விழுது, துணி, முட்டையின் வெள்ளைக்கரு, மேலே மூங்கில் தப்பை, இறுக்க ஒரு கட்டு. இன்று தமிழ்நாட்டில் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் ‘புத்தூர் கட்டு’ என்று ஒரு பலகை வரும். அவற்றை அசல் புத்தூர், அசலுக்கும் அசல் புத்தூர், வேறெங்கும் கிளைகள் இல்லாத புத்தூரின் கிளை என்று பிரிக்க முடியும். அது தனி நூலாகச் செய்யவேண்டிய அளவு விரிவானது.

பதினொரு வயதில் நான் புளியமரத்திலிருந்து விழுந்து வலது முன்கை முறிந்தது. நைனா தறியை நிறுத்தினார். அவர் தறியை நிறுத்தி நான் பார்த்தது அதற்கு முன் இரண்டு சாவுக்கு மட்டும். பஸ்ஸில் நகரி வரும்வரை ‘ஆ’ என்று இருந்தேன். நகரியில் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்ததும் அது ‘அ’ ஆயிற்று. கட்டு முடிந்து எழுந்தபோது முட்டை நாற்றத்தோடு ஒரு மரியாதையும் என் கையில் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை மாதத்தில் கை கூடிவிட்டது. ஊரே புத்தூரைப் புகழ்ந்தது. எலும்பை யாரும் புகழவில்லை.

அந்த எலும்புக்காக இப்போதாவது இரண்டு வார்த்தை பேசவேண்டும். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டியைத் தின்றுகொண்டே புது உயிரணுக்கள் வந்து சேர்ந்து, சில வாரத்துக்குள் குருத்தெலும்புபோல ஒரு மெத்தென்ற முடிச்சுப் போடும். பிறகு அதில் சுண்ணச் சத்து ஏறிக் கெட்டியாகும். அதன் பிறகு மாதக்கணக்கில், வேண்டாத மேடுகளைச் செதுக்கி வேண்டிய இடத்தில் பூசிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். அறுந்த இழையைப் பிணைத்து, முடிச்சு தெரியாமல் நெய்துவிடுகிற கைகாரன் அது. தோல் ஆறினால் தழும்பு விழும். எலும்பு ஆறினால் எலும்பே விளையும். கட்டுகிறவர் செய்வது அது அசையாமல், கோணாமல் பார்த்துக்கொள்வது. அது சின்ன வேலையில்லை. ஆனால் சிறுபிள்ளையின் முன்கை கூடியதற்குப் பச்சிலைக்கு நன்றி சொல்வது, பயிர் விளைந்ததற்கு வேலிக்கு நன்றி சொல்வதுபோல.

வெள்ளைக்கருவை வைத்து யாரும் நகைக்க வேண்டாம். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, முட்டையின் வெள்ளைக்கருவும் கற்பூரச் சாராயமும் ஈயச் சத்தும் கலந்து நனைத்த துணியைத்தான் சுற்றினார். 1830-களில் பெல்ஜியத்தின் சூட்டான் முட்டையை விட்டுவிட்டுத் துணியில் கஞ்சிப்பசை தோய்த்தார். இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு விரிந்தது. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு விறைக்க வைக்கிற வேலையை எங்கள் ஊர் எத்தனை தலைமுறையாகச் செய்திருக்கிறது! முழங்கை அளவில் அதைச் செய்திருந்தால் மருத்துவ வரலாற்றில் ஒரு வரி எங்களுக்கும் கிடைத்திருக்கும். சேலை அளவில் செய்தோம், கூலிதான் கிடைத்தது. 1852-ல் டச்சுப் படை மருத்துவர் மத்தீசன் ஜிப்சம் பொடியைத் துணியில் தேய்த்து மாவுக்கட்டை எழுதி வெளியிட்டார். அத்தோடு கஞ்சி சமையலறைக்குத் திரும்பியது.

நெடில் காயத்தில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று, அதை மட்டும் நூற்பாவாகவே செய்திருக்கிறேன்:

*கட்டின் பின்னர்க் கத்தல் நிற்பின்*
*கட்டை அவிழ்த்து விரலை நோக்குக.*

இதன் உரை: மூங்கிலோ மாவோ, எதனால் கட்டினாலும் உள்ளே வீக்கம் வரும். கட்டு விலகிக் கொடுக்காது. ரத்தம் போக வழியில்லாமல் தசை செத்துச் சுருங்கி, கை பருந்தின் கால்போல மடங்கிவிடும். 1881-ல் ஜெர்மனியின் ஃபோல்க்மன், இறுகிய கட்டே இதற்குக் காரணம் என்று எழுதியதால் அந்தச் சுருக்கத்துக்கு அவர் பெயர். முதலில் தாங்கமுடியாத வலி, விரலை நீட்டினால் உயிர் போகும். பிறகு மரத்துப்போகும். வீட்டில் உள்ளவர்கள் ‘அப்பாடா, வலி அடங்கிடுச்சு, கட்டு வேலை செய்யுது’ என்பார்கள். வலி அடங்கவில்லை. வலியைச் சொல்கிற நரம்பு அடங்கியிருக்கிறது. இரண்டு மாத்திரை ஒன்றாகி, ஒன்று அரையாகும்போது விரல் நுனி நீலமா, சில்லென்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த மணி நேரத்திலேயே ஓட வேண்டும்.

அளபெடை

‘ஆஅ’. மூன்று மாத்திரை, நெடுஞ்சாலை விபத்தில் அதற்கும் மேல். எலும்பு தோலைக் கிழித்து வெளியே எட்டிப் பார்க்கும் வகை. இதற்குப் புத்தூர் இல்லை, பச்சிலை இல்லை, 108 ஒன்றுதான்.

ஒரு காலத்தில் இந்த வகைக்கு விடை இரண்டே: காலை எடுப்பது, அல்லது ஆளை எடுத்துக்கொண்டு போவது. 1865-ல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பையனை அறுவை மருத்துவர் லிஸ்டரிடம் கொண்டுவந்தார்கள். அவனுக்கும் வயது பதினொன்று. புளியமரம் தவிர மற்றதெல்லாம் என் கதைதான். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைத்துப் புண்ணின் மேல் வைத்தார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. 1867-ல் அவர் அதை எழுதிய பிறகும் கிருமியாவது மண்ணாவது என்று சிரித்தவர்கள் உண்டு.

இந்த வகைக்குத் தமிழ்நாடு ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. கஸ்டிலோவின் மூன்றாவது மூட்டை வாய் பிளந்தது என்றேன் அல்லவா, அதைத் தைத்தவர்கள் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக்காரர்கள். மருத்துவர் எஸ். ராஜசேகரனும் ராஜா சபாபதியும் உடனிருந்தவர்களும் 2006-ல் வெளியிட்ட மதிப்பெண் முறையில், தோலுக்கு ஐந்து வரை, எலும்புக்கு ஐந்து வரை, தசை நரம்புக்கு ஐந்து வரை. சர்க்கரை, முதுமை, தாமதமாக வந்தது போன்ற வில்லங்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. 14-க்குள் வந்தால் காலைக் காப்பாற்றலாம். 17-ஐத் தொட்டால் எடுப்பதே நல்லது. நடுவில் விழுந்தால் மருத்துவரின் அனுபவம். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்ததற்காக யாரும் மகிழ்ந்ததில்லை. இங்கே மட்டும் மகிழலாம். நான் முக்கியமாகக் கவனித்தது வேறு. அந்தக் கணக்கில் கத்தலுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

லாரேயை இங்கே மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. போர்க்களத்தில் பதவியைப் பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்து யாரை முதலில் தூக்குவது என்று முறை வகுத்தவர் அவர். அதிலிருந்து வந்த அவசரச் சிகிச்சைப் பாடத்தில் இன்றும் ஒன்று சொல்லித் தருகிறார்கள்: கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, முதலில் கத்தாதவனிடம் போ. என் நூல் எந்தப் பக்கம் போகிறது என்று வாசகருக்கு இப்போது பிடிபட்டிருக்கும்.

குற்றியலுகரக் காயம்

சொல்லின் கடைசியில் வல்லின எழுத்தின் மேல் ஏறிவரும் உகரம் தன் ஒரு மாத்திரையை இழந்து அரையாகக் குறுகும். எழுத்தின் குற்றமில்லை, பக்கத்தில் இருக்கிறவரின் பாதிப்பு. காயத்திலும் இந்த வகை உண்டு. கத்தல் முழு அளவில்தான் கிளம்புகிறது. பக்கத்தில் வல்லினம் இருப்பதால் குறுகுகிறது. வல்லினம் என்பது நைனா, வாத்தியார், மாமியார், சில வீடுகளில் மூத்த மருமகள்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுத்து அலகு குத்திக்கொள்கிறவர்கள் மெல்லிய கிளைவகை. அங்கே ‘அம்மா’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அரோகரா’ வரும். வல்லினத்தின் இடத்தில் முருகன். 1944-ல் இத்தாலியின் ஆன்ஸியோ போர்க்களத்தில் பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், கை கால் சிதறிய வீரர்களில் பலர் வலிமருந்து வேண்டாம் என்றதைக் கண்டு வியந்து எழுதினார். உயிரோடு வீடு திரும்பப் போகிறோம் என்ற நினைப்பே மருந்தாயிற்று என்று விளக்கினார். ஆடி மாதம் இந்தப் பக்கம் வந்திருந்தால் இத்தாலிச் செலவு மிச்சமாகியிருக்கும். அதே பக்தர் 365 படி இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முழு மாத்திரையில் ‘அம்மா’ என்பதையும் பதிவு செய்கிறேன். இறக்கத்தில் முட்டிச் சில்லின் மேல் ஏற்றத்தைவிடப் பாரம் அதிகம். அருளும் ஏறும்போதே செலவாகிவிடுகிறது.

சிரிக்க முடியாத கிளைவகை இன்னொன்று. தெருநாய் கடித்ததை வீட்டில் சொல்லாத பிள்ளை. சொன்னால் அடி விழும், அல்லது ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ விழும் என்ற பயம். பதினாலு ஊசிக் காலம் போயே போய்விட்டது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் இப்போது இல்லை. இன்று கையில் சில ஊசிகள், தோலைத் துளைத்த கடி என்றால் கடிவாயிலும் ஒரு மருந்து. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே இந்த வெறிநாய்க்கடி நோயை எதிர்க்கத்தான். வைரஸ் நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு நடந்து போகும். வாரமோ மாதமோ ஆகும். அந்த நடைதான் நமக்குக் கிடைத்த அவகாசம். போய்ச் சேர்ந்து தண்ணீரைக் கண்டு மிரள ஆரம்பித்தால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்த இடத்தை உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது பாதிச் சிகிச்சை. மிளகாய்த்தூள் சிகிச்சை இல்லை, அது சமையல். வல்லினங்கள் இந்த ஒரு விஷயத்தில் மெல்லினமாக வேண்டும். பிள்ளை பயமில்லாமல் கத்துகிற மாதிரி வீடு இருக்க வேண்டும்.

மெய்க்காயம்

மெய் என்றாலும் உடம்புதான். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. உயிர் வந்து சேர்ந்தால்தான் வாய்விட்டு ஒலிக்கும். அதுபோல, உடம்பில் காயம் இருக்கும், உயிருக்குச் செய்தி வராது.

இதை உலகுக்குச் சொன்ன இடம் எங்களுக்கு அன்றைக்கு அடுத்த ஜில்லா. வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்த ஆரம்பித்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்று ஊரும் உலகமும் நம்பிய காலம். பிராண்ட் ஒவ்வொரு புண்ணாகத் துப்பறிந்தார். பூட்டில் சாவி திரும்பாததால் பலமாகத் திருகியவர், அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியவர், இரவில் எலி கடித்தும் தூக்கம் கலையாதவர். சதை அழுகவில்லை. நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடந்தார்கள். 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்தில் இவர்களுக்காக மென்மையான ரப்பரில் செருப்புச் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குவது அந்த வம்சம்.

எங்கள் தெருவில் இப்போது மெய்க்காயத்துக்குச் சொந்தக்காரர்கள் சர்க்கரைக்காரர்களே. அத்தைக்கு இருபது வருடச் சர்க்கரை. ஒரு நாள் அவள் நடந்த இடமெல்லாம் தரையில் ஈரப்பொட்டு. திருப்பிப் பார்த்தால் பாதத்தில் தைத்து, உள்ளேயே ஒடிந்த ஊசி. எப்போது ஏறியது என்று கேட்டதற்கு ‘ம்?’ என்றாள். அது மகரக்குறுக்கம், கால் மாத்திரை. இலக்கணத்தில் அதைவிடச் சிறிய ஓசை கிடையாது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் பாதத்தைச் சோதிக்கக் கையில் எடுத்தது என்ன என்று பார்த்தபோது நான் கும்பிடாத குறை. நைலான் இழை! பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒற்றை இழை. அது பட்டால் தெரிகிறதா என்று பாதத்தில் இடம் இடமாகத் தொட்டுக் கேட்டார். அறுபது வருடம் இழையோடு வாழ்ந்தவள், கண்ணை மூடிக்கொண்டு ‘தெரியல, தெரியல’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து படுக்கும் முன் டார்ச் அடித்து அவள் பாதத்தைப் பார்ப்பது என் வேலை.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றையும் இதில் அடக்கிக்கொள்க. மனக்காயத்தைச் சேர்க்கவில்லை, அதற்கு மாத்திரை அளவு வரம்பில்லை, சினிமாக்காரர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறார்கள். பெருங்காயம் சமையல் நூலாரின் எல்லை.

இந்த நூலில் பிழை கண்டவர்கள் கடிதம் போட வேண்டாம், நேரில் வந்து சொல்லலாம். திருத்தணியிலிருந்து பஸ் இருக்கிறது. தறி ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கத்திப் பேச வேண்டும். உட்செவியில் ஓசையை வாங்கும் மயிரணுக்கள் காதுக்கு ஏறக்குறைய 15,000; செத்தால் எலும்பு மாதிரி மறுபடி முளைப்பதில்லை, சாகும்போது வலிப்பதும் இல்லை. வலப்பக்கம் வேண்டாம், இடக்காதுப் பக்கமாக நின்று பேசுங்கள்.